பின்னால் கட்டிய கைகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கொதித்தால் மூடி பறந்துவிடும். அதனால்தான் சிறையில் எனக்குக் கெட்டில் என்று பேர் வைத்தார்கள். ராய்னா என்ற சொந்தப் பேரை அங்கே இருந்த மூன்றரை வருடத்தில் வார்டன்களைத் தவிர யாரும் கூப்பிடவில்லை. வெளியே வந்த பிறகு, "நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் கிடையாது" என்று எத்தனையோ பேரிடம் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். எல்லாம் சும்மா. பெரிய நோன்பு தொடங்கும் முன் ஊரே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் மன்னிப்பு ஞாயிறுக்கு முந்தின நாள், ஒரு அல்வாக் கடையில், நான் எப்பேர்ப்பட்டவள் என்பது எனக்கே தெரிந்துபோனது.

யாம்பொல் ஊரில், சிறையிலிருந்து வெளியே வந்து போக்கிடம் இல்லாத பெண்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அங்கே சமைப்பதும் சாவி வைத்திருப்பதும் நான்தான். ஆறு பெண்கள். ஒருத்தி குடியை விட்டவள், ஒருத்தி ஊசியை விட்டவள், ஒருத்தி இரண்டையும் விட்டுவிட்டு ராத்திரி பூரா நகத்தைக் கடிப்பவள். நான் அவர்களுக்குப் பெரிய மனுஷி இல்லை. குடித்துக் குடித்து வீட்டைத் தொலைத்தேன், பஸ் நிலையத்துப் பெஞ்சில் இரண்டு குளிர்காலம் கிடந்தேன், ஒரு நாள் போதையில் பக்கத்துப் பெஞ்சுக்காரியைப் பாட்டிலால் அடித்துவிட்டு உள்ளே போனேன். சாராயத்தை ஒரு சொட்டுத் தொட்டு எட்டு வருடம் தாண்டிவிட்டது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி இஸ்க்ரா. அவளுடைய முதல் தண்டனையில் என் அறையில்தான் இருந்தாள். அப்போது இருபத்து மூன்று வயது, கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டே இருப்பாள். நான்தான் டீ போட்டுக் கொடுத்து, திட்டித் திட்டித் தூங்க வைப்பேன். வெளியே போனாள், மறுபடி ஊசி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் சரக்குப் பெட்டியில் வாசம், மறுபடி திருட்டு, மறுபடி உள்ளே. இந்தத் தடவை தண்டனை முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே நன்னடத்தை பார்த்து வெளியே விட்டார்கள். ஒரு நிபந்தனை. போலீஸில் அவள்மேல் ஒரு புகார் பதிவானால் போதும், அந்த ஒன்றரை வருடத்துக்கும் திரும்பப் போக வேண்டும். பத்து மாதமாக அவள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்தே அந்தப் பத்து மாதத்தைக் கடந்தாள். தரையெல்லாம் தொலி. அதைக் கூட்டிப் பெருக்கி நான் கத்தாத நாள் இல்லை.

எங்கள் விடுதியில் புதிதாக வருகிறவர்கள் தனியாக வெளியே போகக் கூடாது. ஒருத்தி தயாராகிவிட்டாள் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாகப் போகலாம். இஸ்க்ராவுக்கு அந்த சனிக்கிழமைதான் முதல் தனி நடை. வெள்ளை அல்வாவும் முட்டையும் வாங்க அனுப்பினேன். கோட்டைப் பொத்தான் போட்டு, முடியை நனைத்து வாரி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி வாசலில் நின்றாள்.

"ரயில் ஸ்டேஷன் பக்கமா போகாதடி. அந்தப் பழைய கூட்டம் அங்கதான் உக்காந்திருக்கும். சுத்திக்கிட்டுப் போ."

"சுத்திக்கிட்டுப் போனா லேட்டாகும் கெட்டில் அக்கா."

"ஆகட்டும். வெளிய அந்தப் பேரைச் சொல்லித் தொலைக்காத."

சிரித்துக்கொண்டே போனாள்.

இனி என் பொய்யைச் சொல்ல வேண்டும். என் மகன் கலினுக்குப் போன இலையுதிர் காலத்தில் கல்யாணம். பெண் டெஸி தங்கமானவள். அவளுடைய அம்மா வியோலெட்டா, பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பிலேயே, "உங்க பையன் சின்ன வயசுல தனியா இருந்தானாமே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கலின் சொல்லிவிட்டான்: "அம்மா கிரீஸ்ல வேலை பார்த்தாங்க. வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை." இந்த ஊரில் பாதிப் பெண்கள் அப்படிப் போனவர்கள்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் மென்று விழுங்கினேன். அதோடு விட்டேனா? இல்லை. எந்த ஊர் என்றால் தெஸ்ஸலோனிக்கி என்றேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றேன். இப்போது ஒரு விடுதியில் சமைக்கிறேன் என்றேன், யாருக்கான விடுதி என்று சொல்லவில்லை. யாம்பொல் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஆலிவ் எண்ணெய் டின்னை, கிரீஸில் பழைய முதலாளியம்மா அனுப்பியது என்று சம்பந்தியம்மாளுக்குக் கொடுத்தேன். மொத்தத்தில் அந்தக் குடும்பத்துக்கே அல்வா கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் வியோலெட்டாவும் அல்வா வாங்கப் போவதாகப் பேச்சு. கல்யாணம் ஆன பிறகு வரும் முதல் மன்னிப்பு ஞாயிறு, புதுத் தம்பதி வந்து கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள், பலகாரம் சரியாக இருக்க வேண்டும் என்று அவருக்கு. ஆனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே எங்கள் தெரு முனையில் வந்து நின்றுவிட்டார். இஸ்க்ரா எப்போதோ திரும்பியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் சுற்று வழியில் போனவள், நான் சொன்ன வழியில் போனவள் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவில்லை.

கடைக்குள் நுழைந்தால் வரிசையில் எனக்கு முன்னால் இஸ்க்ரா நிற்கிறாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நிற்கிறாள்.

அந்த நிற்பை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். உள்ளே தாழ்வாரத்தில் நடக்கும்போது, நிற்கும்போது, வார்டன் கடந்து போகும்போது, கை பின்னால் இருக்க வேண்டும். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். நாளாக ஆக அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்தவர்கள் பயந்தால், தடுமாறினால், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போனால், கை தானாகப் பின்னால் போய்விடும்.

கதவு மணிச் சத்தத்தில் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"கெட்டில் அக்கா! தனியா வந்துட்டேன், பாருங்க!"

கடையில் எல்லோரும் திரும்பினார்கள். வியோலெட்டா அவளை மேலும் கீழும் பார்த்தார். முன்பல் இரண்டு இல்லாத வாய், கைமுட்டியில் பச்சை குத்தின புள்ளிகள்.

"யாரு சம்பந்தி இது? உங்களைத் தெரியுமா?"

"தெரியாதே" என்றேன். அதுவும் போதாதென்று தாடையை மேலே வெட்டித் தூக்கிக் காட்டினேன், இல்லவே இல்லை என்று. "யாரையோ நெனச்சுக்கிட்டுக் கூப்பிடுது."

இஸ்க்ரா என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை.

"மன்னிக்கணும்மா. ஆள் மாறிப் போச்சு" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அவள் கைகள் என் வயிற்றுக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில் இருந்தன. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறுங்கை. அவள் முறை வரும்வரை அவை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். பண்ண வேண்டிய இடத்தில்தான் பண்ணவில்லை.

கடைக்காரி சொன்யா அல்வாவை வெட்டித் தாளில் மடிக்கும்போது, "என் போன் எங்க?" என்றாள். "இங்க கல்லா மேலதான் வச்சேன்." தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள், ஏப்ரனைத் தடவினாள். அப்புறம் அவள் கண் இஸ்க்ராமேல் போய் நின்றது.

"ஏய், கையில என்ன? பின்னாடி என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?"

இஸ்க்ரா கையை முன்னால் கொண்டுவந்து விரித்தாள். பையைக் கவிழ்த்தாள். ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை விழுந்தது, வேறொன்றும் இல்லை.

"கூட்டாளிகிட்டக் கொடுத்தனுப்பியிருப்பா" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். "வந்ததுலேருந்து கையைப் பின்னாடியே வச்சிருந்தா, நான் பார்த்தேன்."

சொன்யா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, நீங்கதான பின்னாடி நின்னீங்க. இவ கையில ஏதாச்சும் இருந்துச்சா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, வெறுங்கைதான் என்று. அதற்கு என் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கேள்வி வரும், ஏன் அப்படி நின்றாள் என்று வரும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வரும், போலீஸ் பேர் கேட்கும், விலாசம் கேட்கும். வியோலெட்டா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் கவனிக்கலம்மா" என்றேன்.

போலீஸ் வந்து இஸ்க்ராவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை. நாங்கள் இரண்டு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வந்தோம், அக்ரூட் போட்டது.

மத்தியானம் அவளை அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை எட்டரைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு நன்னடத்தை அதிகாரிக்குக் காகிதம் போகும் என்றார்களாம். விடுதியை நடத்தும் மாயா, அவளைச் சமையலறையிலேயே உட்கார வைத்துக் கேட்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு இஸ்க்ரா. கடையில உனக்குச் சாட்சி சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

"பின்னாடி ஒரு அம்மா நின்னாங்க."

"யாரு?"

"தெரியலக்கா. இந்த ஊர்க்காரங்க மாதிரி தெரியல."

நான் அடுப்பில் பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடி பிடிக்காத சூப்பைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டினேன். மாயா போன பிறகு, தட்டை அவள் முன்னால் நங்கென்று வைத்து, "சாப்பிடு. இதுக்குன்னு பட்டினி கிடக்காத" என்று கத்தினேன். கோபமாம் எனக்கு. யார்மேல் கோபம்? அவள் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அன்றைக்குத் தரையில் ஒரு தொலிகூட இல்லை.

ஞாயிறு மத்தியானம், வழக்கப்படி, பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னிடம் வந்தார்கள். வயதில் சின்னவர்கள் பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும், பெரியவர்கள் மன்னித்தாயிற்று என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. அந்த வீட்டில் மூத்தவள் நான். ஒருத்தி என் சிகரெட்டைத் திருடியதற்குக் கேட்டாள். ஒருத்தி பின்னால் என்னைக் கிழட்டுப் பிசாசு என்று சொன்னதற்குக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் இஸ்க்ரா வந்தாள். குனிந்து என் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா. அந்தப் பேரை வெளிய சொல்லாதன்னு சொன்னீங்க. சொல்லிட்டேன். நாலு பேர் முன்னால உங்களைச் சங்கடப்படுத்திட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. மனசாரக் கேட்டாள். மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்திலாவது நான் காலில் விழுந்திருக்க வேண்டாமா?

"மன்னிச்சாச்சு" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன். கேட்டீர்களா? நான், அவளை. அதைச் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நல்ல பிளவுஸைப் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே மேசை நிறையப் பலகாரம். மெல்லிய மாவு அடுக்கில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா, முட்டை, அல்வா. கலினும் டெஸியும் எங்கள் கையை முத்தமிட்டார்கள், நாங்கள் மன்னித்தோம். சாப்பாட்டு நடுவில் வியோலெட்டா கடைக் கதையை எடுத்தார்.

"நேத்து நானும் சம்பந்தியும் ஒரு திருடியைக் கண்ணால பார்த்தோம் தெரியுமா! எப்படி நின்னா தெரியுமா?" எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக் காட்டினார். "இப்படி! ஒண்ணுமே தெரியாத பாப்பா மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். கலின் சிரிக்கவில்லை. அவன் பத்தொன்பது வயதிலிருந்து மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வந்தவன். நான் அந்தத் தாழ்வாரத்தில் எப்படி நடந்து வருவேன் என்று பார்த்தவன். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அடுத்து விளையாட்டு. கூரையிலிருந்து சிவப்பு நூலில் கெட்டியான ஒரு துண்டு அல்வாவைத் தொங்கவிட்டுச் சுழற்றுவார்கள், வாயால் கவ்விப் பிடிக்க வேண்டும். டெஸியின் அக்கா பிள்ளைகள் இரண்டும் குதித்துக் குதித்து மூக்கெல்லாம் அல்வாவாக்கிக்கொண்டார்கள்.

"சம்பந்தி, நீங்களும் வாங்க! வாங்க, வயசெல்லாம் பார்க்கக் கூடாது!" வியோலெட்டா என்னை இழுத்து வட்டத்துக்குள் நிறுத்தினார். "கை படக் கூடாது. எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க!"

கட்டினேன்.

அவ்வளவுதான். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. தோள் தாழ்ந்தது. என் தலையும் தானாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது. அல்வா மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்க்கிறார்கள், நான் மட்டும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"பாட்டி, மேல பாருங்க! அல்வா மேல இருக்கு!" என்று சின்னவள் கத்தினாள்.

வியோலெட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"அவளும் இப்படித்தான நின்னா..." என்றார், மெதுவாக.

"ஆமா சம்பந்தி. அங்க இப்படித்தான் நிக்க வைப்பாங்க. நானும் அங்கதான் கத்துக்கிட்டேன்." கையை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை, அப்படியே நின்று சொன்னேன். "நான் கிரீஸுக்குப் போனதே இல்ல. ஜெயில்ல இருந்தேன். குடிச்சிட்டு ஒருத்தியை அடிச்சேன். அந்தப் பொண்ணு என்கூட இருந்தவ. இப்பவும் என் சோத்தைத் திங்கிறவ. என்னைத்தான் கூப்பிட்டா. அவ கையில ஒண்ணும் இல்ல, நான் பார்த்தேன். தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

நூல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"அப்ப அந்த ஆலிவ் எண்ணெய்?" என்றார் வியோலெட்டா.

"இங்க சூப்பர் மார்க்கெட்ல வாங்கினது."

அவர் கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டி, அல்வாத் துண்டைத் தட்டில் வைத்தார். "பிள்ளைங்களா, கை கழுவுங்க" என்றார். டெஸி என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள், அவள் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்காகவா, தன் அம்மாவுக்காகவா, தெரியவில்லை. காரில் போகும்போது கலின், "கிரீஸ்னு முதல்ல சொன்னது நான்தாம்மா" என்றான். "நீ சின்னப் பையன்டா" என்றேன். அவனுக்கு இருபத்தெட்டு வயது.

திங்கள் காலை எட்டு மணிக்கே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். வியோலெட்டாவும் வந்தால் இரண்டு சாட்சி ஆகும் என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை. எட்டரைக்கு மாயாவோடு இஸ்க்ரா வந்தாள். என்னைக் கண்டதும் வேற்றாள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எனக்காக.

"இஸ்க்ரா! இங்க வாடி, உன் கெட்டில் அக்கா வந்திருக்கேன்!" என்று வராந்தாவே அதிரும்படி கத்தினேன். டியூட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மாயா வாயைத் திறந்தவள் மூடவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். மீசை வைத்த, அவசரமில்லாத மனிதர். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கை எங்கே இருந்தது, விரல் எப்படி மடங்கியிருந்தது, ஏன் அப்படி என்று.

"இதை அங்கேயே ஏம்மா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு வெக்கம்?"

"இவளைத் தெரியும்னு சொல்ல."

இஸ்க்ரா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது.

"அப்படியே எழுதட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதுங்க."

எழுதினார், நிதானமாக. நான் கையெழுத்துப் போட்டேன். போன் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கையும் பையும் காலி, சாட்சியும் இருக்கிறது, இதை மேலே அனுப்ப மாட்டேன் என்றார். மாயா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

வெளியே வந்தோம். படிக்கட்டிலேயே, போகிற வருகிறவர்கள் பார்க்க, நான் இஸ்க்ராவின் கையைப் பிடித்தேன். பெரியவள் சின்னவளிடம் கேட்பது முறை இல்லை, இருக்கட்டும். குனிந்தேன்.

"என்னை மன்னிச்சிடு இஸ்க்ரா."

அவள் கையை உருவிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் உருவிக்கொண்டாள். அந்தக் கை நேரே முதுகுக்குப் பின்னால் போனது.

"இன்னிக்குத் திங்கக்கிழமைக்கா" என்றாள். "மன்னிப்பு நேத்தோட முடிஞ்சுபோச்சு."

இரண்டு படி இறங்கினாள். நின்றாள். கோட்டுப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து, ஒன்றைக் கடித்து, தொலியைத் துப்பினாள்.

"அடுத்த வருஷம் கேளுங்க. நான் இங்கதான் இருப்பேன்."